நடத்துநரின் முகம் தெரியும் இருக்கைகள்

இன்று காலை மோர்னிங்சைட் பஸ் தரிப்பில் நின்று கைப்பைக்குள் பஸ் கார்டைத் துழாவியபோது விரல் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். காதுக் கருவியின் பற்றரியை மூடியிருக்குமே, அந்தச் சின்னச் செம்மஞ்சள் ஒட்டுத்தாள். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். நீ பற்றரி மாற்றும்போதெல்லாம் அதை உரித்துக் குப்பைத் தொட்டியில் போடமாட்டாய். பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஒட்டுவாய்: கதிரைக் கை, நிகழ்ச்சிநிரல், என் கைப்பையின் உள்துணி. நீ போன பிறகு ஒரு முழு வின்ரர் கடந்துவிட்டது. அந்தப் பையை எத்தனையோ தரம் கொட்டித் துடைத்திருப்பேன். இது மட்டும் எங்கே ஒளித்திருந்ததென்று தெரியவில்லை.

பஸ் வந்தது. ஏறி இருந்ததும் அதை யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய். இப்போது அது ஸ்காபரோ முழுவதையும் ஓசியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

உனக்கு எழுதுவது எனக்குப் புதிதில்லை. கடைசிக் காலத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்துகொண்டு போனில் எழுதிக் காட்டித்தானே கதைத்தோம். இப்போது பதில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் பெரிய வித்தியாசமில்லை. நான் முழ நீளத்துக்கு எழுதிக் காட்டினால் நீ ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கத் தொடங்குகிறவள்.

எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. உன்னுடைய ஜப்பான்காரர் இனி மேடை ஏறமாட்டாராம். போன கிழமை வானொலியில் சொன்னார்கள். உடம்பு இடம் கொடுக்கவில்லை, சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார் என்று. இந்தச் செய்தியை உனக்குச் சொல்லாமல் நான் என் பாட்டில் சோறு சமைத்துக்கொண்டிருக்க முடியுமா?

எல்லாம் வேலையிடத்து நத்தார்ப் பண்டிகைப் பரிசுக் குலுக்கலில் தொடங்கியது. ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் பெரிய சமையற்கூடத்தில் நீயும் நானும் ஒரே வரிசையில் நின்ற காலம். ரோக்கியோ விமானத்தின் தட்டுகள் உன் பொறுப்பு. சோறு, மீன், ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் இஞ்சி ஊறுகாய். குலுக்கலில் ஒருவருக்கு மைக்ரோவேவ் விழுந்தது, ஒருவருக்குக் கம்பளி விழுந்தது. உனக்கு ஓர் உறைக்குள் இரண்டு ரிக்கற். நகரத்து நடுவில் இருக்கிற பெரிய மண்டபத்தில் மேற்கத்திய இசைக்குழுவின் கச்சேரி. கொண்டக்டர் என்று போட்டு ஒரு பெயரும் இருந்தது. மைக்ரோவேவ்காரரிடம் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தாய். அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். உன் பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று கல்கரிக்குப் போய்விட்டார்கள். எனவே என்னைப் பிடித்தாய்.

மட்டக்களப்பார் வந்த ஆட்களை மந்திரம் போட்டு, திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில் என்னை வளர்த்தார்கள். மட்டக்களப்புக்காரி நீ என்னைப் பாயோடு ஒட்டவில்லை, அந்த மண்டபத்துக் கதிரையோடு ஒட்டிவிட்டாய். போகிறோம் என்று உன்னையும் வைத்துக்கொண்டு என் வீட்டில் சொன்னபோது என் கணவர் ரீவியிலிருந்து தலையை எடுக்காமலே, "ஊரில பாத்த பஸ் கொண்டக்டர்மார் காணாதோ உங்களுக்கு?" என்றார். அதற்கு நீ சிரித்த சிரிப்பில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

எங்களை மேடைக்குப் பின்பக்கம் கொண்டுபோய் இருத்தினார்கள். இசைக்குழுவின் தலைகளுக்கு மேலே, சுவரோடு உயர்ந்து போகும் வரிசைகள். பாடகர் குழு வராத நாட்களில் அவற்றை மலிவு விலைக்கு விற்பார்களாம். முன்னால் பார்த்தால் எண்பது பேருடைய முதுகு. "ஓசி ரிக்கற் எண்டா முதுகைத்தான் காட்டுவானுகள்" என்றாய். அப்போது பக்கக் கதவால் ஒரு மெல்லிய மனிதர் வந்தார். கறுப்பு உடுப்பு, நரைத்த தலை, கையில் ஈர்க்கு மாதிரி ஒரு வெள்ளைக் கோல். சனத்துக்குக் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பினார். அவர் முகம் நேரே எங்களைப் பார்த்தது. காசு கொட்டிக் கொடுத்து முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் அன்று அவருடைய முதுகுதான். வாசிக்கிறவர்களுக்கும் எங்களுக்கும் மட்டுமே முகம்.

நிகழ்ச்சிநிரலைப் பார்த்து, ஜப்பானில் பிறந்தவர், அதிதியாக வந்து இந்தக் குழுவை நடத்துகிறார் என்று உனக்குச் சொன்னேன். உடனே நீ உன் மட்டக்களப்புக் 'கா'வோடு கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. "அவர் என்ன கா செய்றார்? அவர்ர கையில ஒரு வாத்தியமும் இல்லையே." எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல், எல்லாரையும் மேய்க்கிறார் என்றேன்.

நீ ஊரில் பாட்டுப் படித்துச் சோதனையெல்லாம் பாஸ் பண்ணியவள். மல்வேர்ன் பக்கத்துக் கோயில்களில் கச்சேரி நடந்தால் உன் வலது கை ஓயாது. தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டி ஒரு வீச்சு. எங்கள் சனத்தில் பாதிப் பேர் அப்படித்தான், அதை யாரும் ஒரு குற்றமாக எடுப்பதில்லை. தாளம் போடாதவளைத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். அங்கேயும் நீ தொடங்கிவிட்டாய். முதலில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தாய், சரிவரவில்லை. ரூபகத்துக்கு மாறினாய். கொஞ்ச நேரம் ஒத்துப் போனது, பிறகு அவர் எங்கேயோ ஓடிவிட்டார். நீ விடாமல் துரத்தினாய். மடியில் வின்ரர் ஜக்கெற்றைச் சுருட்டி வைத்திருந்தாய், வழுவழுப்பான நைலோன். ஒவ்வொரு தட்டுக்கும் சளார் சளார் என்றது. வாத்தியங்கள் எல்லாம் முழங்கும்போது அது யாருக்குக் கேட்கப்போகிறது? திடீரென்று எல்லாம் அடங்கி ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் மிஞ்சியது. அந்த அமைதியில் நீ பலமாக ஒரு தட்டுத் தட்டினாய்.

அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். உன்னைத்தான், சந்தேகமே இல்லை. எனக்கு இரண்டு காதும் சுட்டது. பக்கத்து வெள்ளைக்கார அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் முறைத்தாள். நீ வலது கையை இடது கையால் பிடித்து, கள்ளனைப் பிடித்து வைத்ததுபோல மடிக்குள் அமுக்கிக்கொண்டாய். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நான் நினைத்தேன்.

முடிந்து எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் முன்பக்கத்துக்கு வணங்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். கண்ணால் வரிசை வரிசையாகத் தேடி உன்னைக் கண்டுபிடித்தார். இடது உள்ளங்கையை நீட்டி, வலது கையால் அதில் ஒரு தட்டுத் தட்டினார், கையைப் புரட்டி இன்னொரு தட்டு. பிறகு, சரியா என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நீ எழுந்து நின்று தலையாட்டினாய்.

அதற்குப் பிறகு உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியுமா? நடை வழியில் அவர் இசைத்தட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்க ஒன்றுமில்லாமல் வரிசையில் நின்றவள் நீ ஒருத்திதான். உன் முறை வந்ததும் மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தேன். நீ கேட்டது, "உங்கட பாட்டில சமம் எங்க?" தாளம் எங்கே தொடங்குகிறது என்று அதை நான் இங்கிலிஷில் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. அவர் பேனையை வைத்துவிட்டு, நீ எண்ணியதை மறுபடி செய்து காட்டச் சொன்னார். காட்டினாய். சுண்டுவிரலில் தொடங்கி அவரும் போட்டார், மோதிரவிரலில் பிழை விட்டார், சிரித்தார். தான் படித்த காலத்தில் ஆசிரியர் மாதக்கணக்காகக் கையைக் காற்றில் விழுத்தி எழுப்ப மட்டுமே விட்டாராம். காற்றுக்குள் ஒரு தரை இருக்கிறது, அதில் கை பட்டு எழும்பவேண்டும் என்பாராம். உன்னுடைய தரை தொடையில் இருக்கிறது, அதனால் சத்தம் வருகிறது, மற்றப்படி இரண்டும் ஒன்றுதான் என்றார்.

நீ அத்துடனும் விடவில்லை. ரோக்கியோவுக்குத் திரும்பும்போது விமானத்தில் சாப்பிடுவீர்களா என்று கேட்டாய். எப்போதாவது, என்றார். "அந்தத் தட்டை அடுக்குறது நான்தான்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இஞ்சி ஊறுகாயில் குறை சொல்ல முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சப்வேயில் வரும் வழியெல்லாம் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அன்றிலிருந்து உனக்கு அந்த மனிதரைப் பற்றி அறியும் பைத்தியம் பிடித்தது. வடக்கு ஜப்பானில், பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். தகப்பன் அங்கே ஊரார் குளிக்கும் வெந்நீர்க் குளியலகம் வைத்திருந்தாராம். பிள்ளை ரோக்கியோவில் படித்து, இருபது சொச்ச வயதில், பாஷை தெரியாத ஜேர்மனிக்குப் போய் ஒரு நாடக அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பழக்கும் வேலையில் சேர்ந்தது. ஒரு நாள் நடத்துநருக்குக் காய்ச்சல். அந்த இடத்தில் இவரை ஏற்றி நிறுத்தினார்கள். பிறகு பின்லாந்துக் கடற்கரையில் ஒரு சின்னக் குழு, பிறகு நெதர்லாந்து, அமெரிக்கா, வருடத்தில் கொஞ்சம் ஜப்பான், இடைக்கிடை ரொறொன்ரோ. நீ இதையெல்லாம் போனில் பேட்டிகள் பார்த்துப் பொறுக்கினாய். ஜப்பானிய மொழிப் பேட்டிகள்தான் உனக்குப் பிடிக்கும், கீழே எழுத்து ஓடும் என்று. உனக்கு ஏன் எழுத்துத் தேவைப்பட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தட்டு அடுக்கும்போது நீ கேட்கும் கேள்விகளுக்கு அளவில்லை. ஜேர்மன்காரனுடைய பாட்டை ஜேர்மன்காரனுக்கே வாசிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு ஜப்பான்காரருக்கு எப்படித் துணிவு வந்தது? அவர்கள் எப்படிச் சம்மதித்தார்கள்? எங்கள் கோயிலில் ஒரு வெள்ளைக்காரன் வந்து நாதஸ்வரக்காரருக்கு, அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக ஊதுங்கோ என்றால் விடுவோமா? ஒரு பேட்டியில் அவர் சொன்னதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் காட்டினாய். எந்த நாட்டுக்குப் போனாலும் பத்திரிகைக்காரர் அவருடைய வேலையைத் துல்லியம் என்றே எழுதுகிறார்களாம். மற்றவர் ஒழுங்காகச் செய்தால் ஆழம், தான் ஒழுங்காகச் செய்தால் ஜப்பான் கைக்கடிகாரம், என்றார். நீ சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தாய். எங்கள் மேற்பார்வையாளரும் உன்னை வேகமான கை என்றுதான் எப்போதும் புகழ்வார், மூளை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டாம் முறை அவர் வந்தபோது அதே இருக்கைகளைக் காசு கொடுத்து வாங்கினாய். கையைப் பைக்குள் வைத்திருக்கிறேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணினாய். அன்றுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாய். நான் வழக்கம்போல அரைத்தூக்கம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இசை பிடித்ததென்று சொல்ல முடியாது, உன்னோடு சப்வேயில் போய்வருவதுதான் பிடித்தது. என் விலாவில் இடித்தாய்.

"இஞ்ச பார் கா. கை முன்னுக்குப் போகுது, சத்தம் பின்னுக்கு வருது."

பார்த்தேன். உண்மைதான். எங்கள் தாளத்தில் தட்டும் சத்தமும் ஒன்றாக விழும். அவருடைய கை விழுந்து எழும்பத் தொடங்கிய பிறகுதான் வாத்தியங்கள் ஒலித்தன. நடக்கிறதுக்கு அவர் தாளம் போடவில்லை, நடக்கப்போகிறதைச் சொல்கிறார் என்றாய். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தாய்.

உன் காதைப் பற்றிய உண்மை அந்தக் கோடையில் வெளியே வந்தது. காதுக்குள் இருக்கிற ஒரு சின்ன எலும்பு இறுகிக்கொண்டு போகிறது, இரண்டு பக்கமும், என்றார் டொக்டர். கருவி தந்தார்கள். ஆட்கள் கதைப்பது விளங்கியது, இசை மட்டும் தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரிக் கேட்கிறது என்று அழுதாய். கோயில் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினாய். வலது காதில் ஒப்பரேசன் செய்தார்கள். சரிவரவில்லை, இருந்ததும் போனது. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, உனக்கு ஆனது. மிஞ்சியது இடது காது. அதுவும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. அதிலும் செய்து பார்க்கலாம், திரும்பி வரவும் வாய்ப்பிருக்கிறது, முழுதாகப் போகவும் வாய்ப்பிருக்கிறது, தள்ளிப்போட்டால் வாய்ப்புக் குறையும் என்றார்கள். மார்ச் மாதத்தில் நாள் தந்தார்கள்.

ஏப்ரலில் அவர் வரவிருந்தார். நீ ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டாய்.

நான் சண்டை பிடித்தேன். மல்வேர்னில் உன் பன்னிரண்டாம் மாடி வீட்டுக் குசினியில் நின்று, உனக்கு விளங்கவேண்டுமென்று கத்தினேன். "உனக்கென்ன விசரே? ஒரு கச்சேரிக்காகக் காதைக் குடுக்கப் போறியே?" நீ தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னாய்: "மிச்சம் இருக்கிறதை வச்சு ஒருக்கா அவரக் கேட்டிட்டுப் போறன் கா. பிறகு வெட்டட்டும்." ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. உனக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது.

ஏப்ரல் கச்சேரிக்குப் போனோம். தகரச் சத்தம் வேண்டாமென்று கருவியைக் கழற்றி என் கையில் தந்தாய். அவர் வந்தார், முந்தியைவிட மெலிந்திருந்தார். தொடங்கியதும் உன் முகம் தெளிந்துவிட்டது. கேட்கிறது என்று பெருவிரலைக் காட்டினாய். மூன்று பகுதிகளில் இரண்டு அப்படியே போனது. அவருடைய கை மேலே போனால் உன் நாடியும் நிமிர்ந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து அடக்கினால் நீயும் மூச்சை அடக்கினாய். சண்டை பிடித்ததற்காக எனக்கு என்மேலே கோபம் வந்தது.

பிறகு அந்த மெதுவான இடம் வந்தது. வயலின்களும், முழங்காலிடையில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின்களான செலோக்களும் மட்டும். நடுவில் அவர் கோலை மெல்ல இறக்கினார். இரண்டு கையையும் கீழே தொங்க விட்டார். அசையாமல் நின்றார். குழு தன் பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தது, அப்படி ஓர் அழகான வாசிப்பு. நீ என் கையைப் பிடித்தாய், நகம் பதிந்தது. திரும்பிப் பார்த்தால் உன் முகத்தில் இரத்தமே இல்லை. நோய்தான் ஏதோ வந்துவிட்டதென்று பயந்துவிட்டேன். அவர் மறுபடி கையைத் தூக்கும்வரை நீ என்னை விடவில்லை.

சப்வேயில் எங்களைச் சுற்றி யாருமில்லாத பெட்டியில்தான் வாய் திறந்தாய். "கை நிண்ட உடனே பாட்டும் நிண்டிட்டு கா. எல்லார்ர வில்லும் ஓடுது. ஒரு சத்தமில்ல. அப்ப இவ்வளவு நேரமும் நான் கேட்டது அவர்ர கையைத்தான்."

எந்தக் காதைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு வந்தாயோ அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அது போனது உனக்கே தெரியாமல் அவருடைய கை மறைத்து வைத்திருந்தது. நான் அழுதேன். நீ அழவில்லை. கொஞ்சம் கழித்து, உனக்கே உரிய அந்த ஆராய்ச்சிக் குரலில், "அப்ப அவ்வளவு பாட்டையும் ஒரு மனிசன்ர கை கொண்டு வருமா?" என்று கேட்டாய். துக்கப்பட வேண்டிய இடத்தில் உனக்கு ஆச்சரியம் முந்திக்கொண்டது. உன்னிடம் எனக்கு மிகவும் பொறாமையான குணம் அதுதான்.

அடுத்த மாதமே ஒப்பரேசனுக்குப் போனாய், இழக்க ஒன்றுமில்லாதவள் போகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு. சத்தம் திரும்பவில்லை. வேலையை விட்டாய். உன் பிள்ளைகள் கல்கரிக்கு வரச் சொன்னார்கள், நீ போகவில்லை. நாங்கள் எழுதிக் கதைக்கப் பழகினோம். நான் எழுதுவேன், நீ வாயால் பதில் சொல்வாய், பெரும்பாலும் உரத்த குரலில், பெரும்பாலும் ஆட்கள் நிறைந்த இடத்தில்.

கடைசியாக அவர் வந்தபோது போகவேண்டுமா என்று உன்னிடம் கேட்கவே எனக்குத் தயக்கம். நீயே ரிக்கற் எடுத்துவிட்டாய். அதே பின்வரிசை. அவரை ஒருவர் கைபிடித்து அழைத்து வந்தார். உயரமான ஒரு கதிரையில் இருந்துகொண்டு நடத்தினார். கோல் இல்லை. கை மார்புக்கு மேலே எழும்பவில்லை, சில இடங்களில் இரண்டு விரல் மட்டும் அசைந்தது. இதை நம்பி வந்தாளே பாவம் என்று உன் பக்கம் திரும்பினேன். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முன்னால் பார் என்று நாடியால் காட்டினேன். நீ அசையவில்லை.

இடைவேளையில் போனில் எழுதிக் காட்டினேன்: அவரைப் பாக்க வந்திட்டு என்னை ஏன் பாக்கிறாய்?

நீ சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாதது நல்லது. "அவர் இப்ப கையால ஒண்டும் சொல்றாரில்ல. இருந்து கேக்கிறார், அவ்வளவுதான். அதத்தான் கா அவர் முந்தியும் செய்திருக்கார், கைதான் மறைச்சிருக்கு. கேக்கிற பாட்டு அவர்ர முகத்தில வாற மாதிரி உன்ர முகத்திலயும் வருகுது. கிட்ட இருக்கிறதால உன்னைப் பாக்கிறன்."

என் முகத்தில் என்ன வந்திருக்கும்? முதற்பாதியில் நான் குளிர்பெட்டியில் கிடந்த மீனை எப்போது சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதையும் நீ ஒரு பாட்டாகத்தான் கேட்டிருப்பாய். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. இரண்டாம் பாதியில் நிமிர்ந்து இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாளும் இசை கேட்டதில்லை. ஒரு சத்தத்தைத் தவற விட்டாலும் அது உனக்குக் கிடைக்காது என்று தெரிந்து, பிடித்துப் பிடித்துக் கேட்டேன். புல்லாங்குழல் எங்கே நுழைகிறது, செலோக்கள் எப்போது கனக்கின்றன, எங்கே எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுகின்றன. இவ்வளவும் முந்தியும் இருந்ததா? இத்தனை வருடமும் என் காதுகள் நன்றாகத்தானே இருந்தன. முடிந்தபோது நீ என் கன்னத்தில் தட்டி, "நல்லாக் கேட்டாய்" என்றாய். சின்னப் பிள்ளைபோல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் உன் இதயம் நின்றுவிட்டது. காதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இதயத்தைப் பற்றி ஒரு யோசனையும் இருக்கவில்லை. இன்னும் கோபமாக இருக்கிறது, யார்மேல் என்று தெரியவில்லை. உன் பிள்ளைகள் வந்து எல்லாம் முடித்துவிட்டுப் போனார்கள். உன் வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

இந்த வசந்தத்தில் ஒரு நாள் நான் தனியே போனேன். உன்னைத் தேடிப் போனேன் என்று நினைக்காதே, சும்மா போனேன். அதே பின்வரிசை. நடத்தியவர் யாரோ ஓர் இளம் பெண், பெயரை வாசித்தும் மறந்துவிட்டேன். என் இடப்பக்கத்தில், நீ எப்போதும் இருக்கும் கதிரையில், முன்பின் தெரியாத ஒரு மனிதர், நிகழ்ச்சிநிரலை மூக்கோடு பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் வயலின்கள் எல்லாம் ஒன்றாய்த் தணிந்து கீழே இறங்கின. அது அவ்வளவு நன்றாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் மேடையைப் பார்க்கவில்லை. முகத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அந்த மனிதர் நிகழ்ச்சிநிரலைத் தாழ்த்திவிட்டுத் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இடம் முடியும்வரை முகத்தைத் திருப்பவில்லை.